மேலிருந்து கீழே

அவருக்கு ரம்பம் என்று பெயர் வைத்தவர்கள் ரசிகர்கள். மரம் அறுக்கிற மாதிரி கிதார் வாசிக்கிறார் என்று முதல் வரிசையிலிருந்து எவனோ கத்தப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு உள்ள இன்னொரு அர்த்தம் அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. மேடையை விட்டு இறங்கிவிட்டால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எதிரில் இருப்பவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ரம்பத்தின் வலது கைக்கு ஒரே ஒரு சட்டம்தான். கம்பியை மேலிருந்து கீழே மட்டும் அடிக்க வேண்டும். மெட்டல் இசை வாசிக்கிற மற்ற கிதார்காரர்கள் வேகம் கூடும்போது கீழே போகையில் ஓர் அடி, மேலே வருகையில் ஓர் அடி என்று வாசிப்பார்கள். உழைப்பு பாதியாகும், வேகம் இரண்டு மடங்காகும். ரம்பம் அதைச் செய்ததில்லை. அவர் கை கீழே வெட்டும், வெறுங்கையாக மேலே வரும், மறுபடி கீழே வெட்டும். உள்ளங்கையின் ஓரம் கம்பிகளின் அடிப்பக்கத்தை விட்டு நகராமல் அமுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஒலி எழுந்த உடனே செத்துப்போகும். எழுவதும் சாவதுமாக அந்த ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒரே எடையில் விழும்போது கேட்கிறவனுக்கு நெஞ்செலும்பில் யாரோ தட்டுவதுபோல் இருக்கும். மேல்நோக்கி அடிக்கிற அடியில் அந்த எடை வராது என்பது அவர் கட்சி. இருபத்தைந்து வருடமாக அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

டயர் கடையின் பின்கட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து நாலு பேராகத் தொடங்கிய குழு அது. முதல் ஆல்பத்துக்கு 'உலை' என்று பெயர். முதல் பாட்டுக்கும் அதுவே பெயர். பாட்டு தொடங்கி ரொம்ப நேரத்துக்குக் கிதார் மட்டும் தனியாக வெட்டிக்கொண்டே போகும். மூச்சு விட இடமில்லாத வெட்டு. அதைக் கேட்டுவிட்டு ஊர் ஊராகப் பையன்கள் கிதார் வாங்கினார்கள், பாதிப் பேர் ஒரு வாரத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விற்றுவிட்டார்கள். பிறகு இசையில் என்னென்னவோ வந்தது, போனது. குழு போகவில்லை. மதுக்கூடங்களின் தரைத்தளங்களிலும், ஆள் சேரும் முன்பே வாசிக்கச் சொல்லும் பெரிய மேடைகளிலும் வாசித்தபடி இருந்தது. பகலில் ரம்பம் ரயில் நிலையத்தின் படிக்கட்டுக்குக் கீழே சாவி வெட்டும் கடை வைத்திருந்தார். இரும்பை இரும்பு கடிக்கும் சத்தத்தில் அவருக்கு அலுப்பு வந்ததே இல்லை.

டிரம்ஸ் வாசித்தவன் அவருடைய மச்சான். பேச்சுவழக்கில் எல்லாரையும் கூப்பிடுகிற மச்சான் இல்லை, மனைவியின் கூடப் பிறந்த தம்பி. அவன் இவரை அத்தான் என்று கூப்பிட, அதைக் கேட்டுக் கேட்டுப் பாடகனும் அத்தான் என்றான், பேஸ் கிதார் வாசிக்கிறவனும் அத்தான் என்றான். ஒருமுறை வெளியூரில் ஒலிபெருக்கி கட்ட வந்த ஆள்கூட, "அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். பாடகனுக்குத் தொண்டை என்றும், வாசிக்கும்போது இம்மிகூட அசையாத பேஸ்காரனுக்குத் தூண் என்றும் பெயர். மச்சானுக்கு மட்டும் மச்சான் என்பதே பெயராகிவிட்டது.

மச்சானின் இடது பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து அவன் காதுக்கு மட்டும் ஒரு வயர் போகும். 'டிக் டிக்' என்று அது சொல்லும் வேகத்தில் அவன் குச்சியைத் தட்டி எண்ணுவான், மற்றவர்கள் தொடங்குவார்கள். எந்தப் பாட்டு எந்த வேகம் என்பது அந்தப் பெட்டிக்கும் அவனுக்கும் இடையில் உள்ள விவகாரம். மற்ற மூன்று பேருக்கும் அவன்தான் கடிகாரம். சுவரில் மாட்டிய கடிகாரத்தை யாரும் தினமும் சந்தேகப்படுவதில்லை.

ரம்பத்தின் கை முதலில் காட்டிக்கொடுத்தது சட்டைப் பொத்தானில். ஒரு காலை பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. பிறகு கடையில் வெட்டிய சாவி ஒன்று விரலிலிருந்து நழுவியது. பிறகு மழை பெய்த ஒரு வெளிமேடையில், 'உலை'யின் நடுவில், முழங்கையிலிருந்து கட்டைவிரல்வரை கம்பி இழுத்துக் கட்டினதுபோல் இறுகி, கை நின்றே போய்விட்டது. அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் குனிந்து, கம்பி அறுந்துவிட்டதாகச் சைகை காட்டினார்.

மணிக்கட்டில் தசைநார் ஓடுகிற உறை வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "கை என்ன வேலை செய்யுது?" என்று கேட்டார். இவர் மேசைமேல் வாசித்துக் காட்டினார். டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதை எவ்வளவு நாளா செய்யறீங்க?" என்றார். சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். சில மாதம் முழு ஓய்வு, இல்லையென்றால் சின்ன அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகும் ஓய்வு என்றார். பழைய வேகம் வருமா என்று கேட்டதற்கு, "கை உங்களுக்கு வேறெதுக்கும் தேவைப்படுமில்ல?" என்றார்.

ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். அறுவை சிகிச்சைக்குக் கிடைத்த தேதி தூரத்தில் இருந்தது. அதுவரை ரம்பம் சும்மா இருக்கவில்லை. வெந்நீரில் கையை முக்கினார். ரப்பர் பந்து ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும்போதும் வரும்போதும் அமுக்கினார். காலையில் எழுந்ததும் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கீழே, கீழே, கீழே. சில மாதங்களில் மேடையில் கை திரும்பி வந்தது. 'உலை' முடியும்போது கை உயிரோடு இருந்தது. இறங்கி வந்து மச்சானின் முதுகில் ஓங்கி அறைந்து, "பாத்தியாடா!" என்றார். அவர் அப்படி வாய்விட்டுச் சொல்வதெல்லாம் அபூர்வம்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் கொஞ்சம் பேசவும் தொடங்கினார். இணைய வானொலி ஒன்றிலிருந்து பேட்டி எடுக்க வந்தவனிடம், "மேல அடிக்கறது சோம்பேறித்தனம். கை வலிக்குதுன்னு சட்டத்தை மாத்தினா அப்புறம் அது உன் கை இல்ல" என்றார். தம் கை திரும்பி வந்தது ஒழுக்கத்தால் என்றார். அவன் அதையே தலைப்பாகப் போட்டான்.

அந்த நேரத்தில்தான் 'உலை'யை மறுபடி பதிவு செய்வதென்று முடிவானது. முதலில் வெளியிட்ட கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. மூல நாடாக்கள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய ஆல்பத்தை அச்சு அசலாகத் திரும்ப வாசித்துக் கொடுத்தால் வெளியிட ஒருவர் முன்வந்தார். ரம்பம் யோசிக்கவே இல்லை. சரி என்றார்.

அன்று சாப்பாட்டுக்கு மச்சான் வந்திருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அந்தத் தேதி வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார் ரம்பம்.

மனைவி கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அவள் கண்ணிலிருந்து சின்ன விஷயம் எதுவும் தப்பாது. "ஏன்?"

"கைதான் சரியாயிடுச்சே."

"டாக்டர் சொன்னாரா?"

"கையே சொல்லுது."

"அப்படியா. காலையில பற்பசை மூடியைத் திறக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டது எது, காலா?"

"அது கடை வேலை. சாவி வெட்டற மெஷின் கையைக் கெடுக்குது. மேடையில ஒண்ணும் இல்ல. இவனைக் கேளு."

மச்சானுக்குப் புரையேறியது. தண்ணீரை எடுத்துக் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான்.

"உண்மையில டாக்டர் தேவைப்படறது உனக்குத்தான்டா" என்றார் ரம்பம் அவனிடம். "நெட்ல என்ன எழுதறானுங்க, படிச்சியா? டிரம்ஸ் தாத்தாவுக்கு யாராவது நாற்காலி போடுங்கன்னு ஒருத்தன் எழுதியிருக்கான்."

"நான் உக்காந்துதானே அத்தான் வாசிக்கறேன். நாற்காலி ஏற்கெனவே இருக்கே."

"சிரிக்காத. எனக்கு மேடையில ஒண்ணும் தெரியல. ஆனா வெளியே நின்னு கேக்கறவனுக்குத் தெரியுதுபோல. இத்தனை பேர் சொல்றாங்கன்னா? வயசாகுதுடா. ஓடு, உடம்பைக் குறை." சட்டைப்பையிலிருந்து ரப்பர் பந்தை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்கு இனிமே வேண்டாம். நீ வச்சுக்கோ. தினமும் அமுக்கு."

மச்சான் பந்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "சரி அத்தான்" என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அக்காவும் தம்பியும் சமையலறைக்குப் போனார்கள். குழாய்ச் சத்தத்துக்கு அடியில் ரொம்ப நேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு காலத்தில் குளிர்பதனக் கிடங்காக இருந்தது. கதவுகள் ஒரு முழம் தடிமன். உள்ளே மூடிவிட்டால் வெளியே லாரி போனாலும் கேட்காது. பதிவு செய்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசைமேல் தேடுகிறவள். இந்தப் பாட்டில் கிதார் தனியாகத் தொடங்குவதால் முதலில் கிதாரைப் பதியலாம், டிரம்ஸ் அதன்மேல் வரட்டும் என்றாள். ரம்பத்தின் தலையில் ஹெட்போனை மாட்டினாள். டிக் டிக் என்று கேட்டது. அந்தச் சத்தத்தை அவர் தம் காதால் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

வாசிக்கத் தொடங்கினார். தொடங்கிய மூச்சிலேயே பின்தங்கினார். நிறுத்தி, கையை உதறி, மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை பிடித்துக்கொண்டார். ஓடுகிற பேருந்தின் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மாதிரிதான், ஆனாலும் பிடித்துக்கொண்டார். தனி வெட்டு பாதியைத் தாண்டும் முன் முழங்கையிலிருந்து அந்தப் பழைய கம்பி இறுகியது. கை நின்றது. ஹெட்போனில் டிக் டிக் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"உங்க மெஷின் வேகமா ஓடுதும்மா" என்றார் ரம்பம். "கொஞ்சம் குறைங்க."

"இல்லையே சார். பழைய ரெக்கார்டை அளந்துதான் வச்சேன்."

கதவோரம் நின்ற மச்சான், "நான் ஒரு வேகம் எழுதி அனுப்பியிருந்தேனே" என்றான்.

"ஆமா, அனுப்பினீங்க. ஆனா அது ரெக்கார்டோட ஒத்தே வரலை. தப்பா அடிச்சுட்டீங்கன்னு நினைச்சேன். நானே திருத்திட்டேன்." உதவி செய்துவிட்ட திருப்தியோடு பிஸ்கெட்டை எடுத்துக் கடித்தாள்.



"ரெக்கார்டுதான் தப்பு" என்றார் ரம்பம். "அந்தக் கம்பெனிக்காரன் டேப்பை வேகமா ஓட்டி அச்சுப் போட்டிருப்பான். அப்பல்லாம் அப்படிச் செய்வாங்க."

"அப்படின்னா சுருதியும் ஏறியிருக்கணுமே சார்." அவள் பழைய பதிவில் ஒரு நொடியை நிறுத்திப் பிடித்தாள். "அந்தத் தடிக்கம்பியை ஒருதரம் தட்டுங்க."

தட்டினார். அன்று எந்தச் சுருதிக்குக் கம்பியைத் தளர்த்தி வைத்தார்களோ அதே சுருதிக்குத்தான் இன்றும் தளர்த்தியிருந்தார்கள். இரண்டு ஒலிகளும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தன. பிசிறு இல்லை. நாடாவை யாரும் வேகமாக ஓட்டியிருக்கவில்லை.

"அப்ப மேடையில நாங்க வாசிக்கறது?"

"போன மாசம் வாசிச்சது நெட்ல இருக்குமே. வச்சுப் பாத்துடலாம்."

"வேண்டாம்" என்றான் மச்சான். சொன்ன வேகம் சரியில்லை. அவள் அதற்குள் எடுத்திருந்தாள். பழைய பதிவையும் மேடைப் பதிவையும் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். முதல் சில அடிகள் சேர்ந்து போயின. பிறகு ஒன்று முன்னால் போகத் தொடங்கியது. பிறகு இரண்டும் வெறும் இரைச்சலாகின. பழைய பதிவு முடிந்தது. மேடைப் பதிவு போய்க்கொண்டே இருந்தது. தொண்டை கூரையைப் பார்த்தான். தூண் தூணாகவே நின்றான். ரம்பம் தம்முடைய கை வெட்டுவதைக் கேட்டார். சுத்தமான வெட்டு, ஒரே எடை, எல்லாம் கீழ்நோக்கி. ஒரு பாட்டு முடிவதற்கு இவ்வளவு நேரமா ஆகும்!

ஒருவழியாக முடிந்ததும் தொண்டை சமாதானமாக, "எனக்குமே மூச்சு விட வசதியாத்தான் இருந்துச்சு அத்தான்" என்றான். தூண் அவன் காலை மிதித்தான்.

முன்பு லாரிகள் வந்து நின்ற சிமெண்ட் மேடை கூடத்துக்குப் பின்னால் இருந்தது. ரம்பம் அதன் விளிம்பில் போய் உட்கார்ந்தார். வலது கையை மடியில், வேறு யாருடைய பொருளையோ வைத்திருப்பதுபோல் வைத்துக்கொண்டார். மச்சான் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"எப்பலேர்ந்து?"

"அந்த மழை மேடைக்கு அப்புறம்."

"அன்னிக்குக் கம்பி அறுந்துச்சு."

"நான்தானே அத்தான் கிதாரைத் துடைச்சு வச்சேன். ஆறு கம்பியும் இருந்துச்சு."

எதிரில் ஒருவன் காலி அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு குறைச்ச?"

"ஒரே தடவையா குறைக்கலை. ஒவ்வொரு மேடைக்கும் பெட்டியில ஒரு புள்ளி. உங்களுக்குத் தெரியாம இருக்கணுமே. சில நாள் குறைக்கவே மாட்டேன். உங்க கை போற மாதிரி தெரிஞ்சா அடுத்த தடவை இன்னொரு புள்ளி."

"உங்க அக்கா சொன்னாளா?"

"அக்கா சொல்லலை. அக்கா அழுதா. ராத்திரியெல்லாம் நீங்க கையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்கன்னா. நான் என்ன செய்யறது? எனக்குத் தெரிஞ்சது குச்சியும் பெட்டியும்தான்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் இருந்தேன். தேதி வர்ற வரைக்கும் தள்ளினா போதும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவீங்கன்னு நினைச்சோம். நீங்க என்னடான்னா இறங்கி வந்து முதுகுல அறைஞ்சு பாத்தியாடாங்கறீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது? அப்புறம் தேதியையே வேண்டாம்னுட்டீங்க. அன்னிக்குச் சமையலறையில அக்கா என்னைத் திட்டின திட்டு இருக்கே…"

ரம்பத்துக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. தேடிப் பார்த்தார், வரவில்லை. களைப்புத்தான் வந்தது. வெந்நீரும் பந்தும் சத்தமில்லாத காலைகளும் ஒன்றும் செய்திருக்கவில்லை. பேட்டியில் சொன்ன ஒழுக்கம் மச்சானின் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அதைவிட ஒன்று இப்போது உறைத்தது. இளவயதில் மற்ற ஊர்களிலிருந்து டிரம்ஸ்காரர்கள் பேருந்து ஏறி வருவார்கள், மேடைக்குப் பக்கவாட்டில் நின்று மச்சானின் கால்களை மட்டும் பார்க்க. இரண்டு பாதமும் மிதிகட்டையின்மேல் தனித்தனியாக நடனமாடும். அந்தக் கால்களுக்குத்தான் தாத்தா என்று எழுதினார்கள். அவன் ஒரு வரி பதில் எழுதியதில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஓடு, உடம்பைக் குறை என்று அறிவுரை சொல்லிப் பந்தையும் கொடுத்தது யார்?

"அன்னிக்கு நான் அவ்வளவு பேசினேனே. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலியேடா."

"நீங்க சொன்னதுலயும் தப்பில்லையே. உடம்பு கொஞ்சம் போட்டுத்தான் போச்சு."

ரம்பம் சிரிக்க முயன்றார். மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றான். "என் வேகத்துலயே பதிஞ்சுடலாம். அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசறேன். நீங்க உங்க இஷ்டப்படி கீழயே வெட்டுங்க. வெளியே வந்தா என்ன சொல்லுவாங்க? டிரம்ஸ்காரன் இழுக்கறான்னு சொல்லுவாங்க. எனக்கு அது பழகிடுச்சு."

அவன் மனதாரத்தான் சொன்னான். ரம்பத்துக்கு அதுதான் தாங்கவில்லை. சரி என்று ஒரு சொல் போதும், கை தப்பிக்கும், சட்டம் தப்பிக்கும், பேட்டியில் சொன்னதும் தப்பிக்கும். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. மேடையில் இழுத்தது அன்றோடு போய்விடும். இது இசைத்தட்டில் பதிவது. இவர்கள் எல்லாரும் போன பிறகும் யாராவது பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, பாவம், டிரம்ஸ்காரனுக்கு முடியவில்லை என்பான்.

"எழுந்திரு" என்றார்.

"பேசட்டுமா அவகிட்ட?"

"ஒண்ணும் பேச வேண்டாம். ரெக்கார்டு வேகமே இருக்கட்டும்."

"அத்தான், கை தாங்காது."

"கீழ மட்டும் வெட்டினா தாங்காது."

மச்சான் அவரையே பார்த்தான். புரிந்ததும் முகம் மாறியது. "அத்தான்… நீங்க போய்…"

"எழுந்திருன்னா எழுந்திரேன்டா. இடுப்பு வலிக்குது இந்தச் சிமெண்டுல."

உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மேலே போகும்போதும் கம்பியை அடிக்க வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான். வாலிபத்தில் அந்தப் பழக்கத்தைக் கையிலிருந்து பிடுங்கி எறிய அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது கை அதை அடையாளம் தெரியாமல் முறைத்தது. முதலில் கம்பியே தட்டுப்படவில்லை. பிறகு பக்கத்துக் கம்பியில் பட்டது. உள்ளங்கை இடம் தெரியாமல் நழுவியது. தொண்டை எழுந்து வெளியே போய்விட்டான், பார்க்க முடியவில்லை என்று. அந்தப் பெண் பிஸ்கெட்டை மறந்து, கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு, "இன்னொண்ணு எடுப்போம் சார்" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொன்னாள். துண்டு துண்டாக எடுத்து ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றும் ஒருமுறை சொன்னாள். ரம்பம் தலையை ஆட்டி மறுத்தார். சட்டத்தை மீறுவது என்றாகிவிட்டது, அதையாவது முழுசாக மீறலாம்.

மத்தியானத்தைத் தாண்டி ஒரு தடவை கை தொடக்கத்திலிருந்து முடிவுவரை போய்ச் சேர்ந்தது. வலி இருந்தது, கம்பி இறுகவில்லை.

அவள் திரும்ப ஓடவிட்டாள். வேகம் சரியாக இருந்தது. ஆனால் நெஞ்செலும்பில் தட்டுகிற எடை இல்லை. ஓர் அடி கனமாகவும் அடுத்தது லேசாகவும், யாரோ வாசலை வேகமாகப் பெருக்குவதுபோல் கேட்டது.

"இனிமே என்னைத் துடைப்பம்னு கூப்பிடுங்க" என்றார் ரம்பம்.

யாரும் சிரிக்கவில்லை. அன்று முழுக்க வாய் திறக்காத தூண் ஒருமுறை கனைத்தான். "ரம்பம்னா மேலயும் கீழயும்தானே அத்தான் போகும். ஒரே பக்கம் போனா எதை அறுக்கறது?"

இருபத்தைந்து வருடமாக இதை யாரும் யோசித்ததில்லை. தொண்டைதான் முதலில் வெடித்தான். பிறகு அந்தப் பெண். ரம்பமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்ட ஒலி மாறிவிடவில்லை.

மச்சான் உள்ளே போய் உட்கார்ந்தான். காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மிதிகட்டையில் வைத்தான், பழைய நாளில் செய்வதுபோல. அவனாலும் முடியாமல் போகலாம் என்பது ரம்பத்துக்கு அப்போதுதான் தோன்றியது. இத்தனை காலம் மெதுவாக வாசித்தால் கால் மறந்துவிடாதா? அறையைப் பிரிக்கும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நெற்றியைக் கண்ணாடியில் பதித்துக்கொண்டார். முதல் முயற்சியில் மச்சான் பாதியில் நின்றான். இரண்டாவதிலும் நின்றான். தண்ணீர் குடித்துவிட்டு, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, தலையை ஆட்டினான். பிறகு கால்கள் ஓடின. தொந்தி குலுங்கியது, வாய் திறந்தே இருந்தது, கண் எங்கேயோ சொருகியிருந்தது, ஆனால் பாதங்கள் இரண்டும் அந்தப் பழைய பாதங்களாகவே இருந்தன. பாட்டு முடியும்வரை ரம்பம் பாதங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடிந்ததும் வெளியே சிமெண்ட் மேடைக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தார். இடது கையால்தான் அழுத்த முடிந்தது.

"அந்த ஆஸ்பத்திரி நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"எதுக்கு?"

"தேதி திரும்பக் கிடைக்குமான்னு கேக்கத்தான்."

"நீங்க வேண்டாம்னு சொன்ன மறுநாளே நான் போன் பண்ணித் திரும்ப வாங்கிட்டேன். அதே தேதிதான்."

"என்னைக் கேக்காமலேயா?"

"உங்களைக் கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"அக்காவும் தம்பியும் சேர்ந்து நல்லா குடும்பம் நடத்தறீங்க" என்றார்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றாள் மெதுவாக.

"ம்."

"கோவமா?"

"இல்ல. தூக்கம் வருது. வந்து பேசறேன்."

மச்சான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தலையிலிருந்து வேர்வை சொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன், பையிலிருந்து ரப்பர் பந்தை எடுத்து நீட்டினான். "இந்தாங்க. இது உங்களுக்கு மறுபடி தேவைப்படும்."

ரம்பம் வாங்கிக்கொண்டார். உள்ளே போய் ஒரு நாற்காலியை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்து அவனுக்குப் பின்னால் போட்டார். "உக்காரு தாத்தா."

அவன் தொப்பென்று உட்கார்ந்தான். திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பெண் பாட்டை மறுபடி ஓடவிடுவது கேட்டது. தனியாகக் கிதார், அதன்மேல் டிரம்ஸ். இரண்டு பேரும் கேட்டார்கள்.

"கேக்குதா?" என்றார் ரம்பம்.

"எது?"

"மேல போறது."

மச்சான் காதைக் கொடுத்து இன்னும் கொஞ்ச நேரம் கேட்டான்.

"கேக்குது அத்தான். நல்லாவே கேக்குது."

"கேக்கலைன்னு சொல்லியிருந்தா உதைச்சிருப்பேன்."

"தெரியும்" என்றான் மச்சான், கண்ணை மூடியபடி.